வளைகாப்புக்கு முன் தரை

நவம்பர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. கருங்குழி ஊர் முழுக்கச் சேறு. கம்பெனி பஸ் தாமதம்.

காபி போடும்போது கால் வழுக்கியது. விழவில்லை, மேடையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெய் எதுவும் சிந்தவில்லை, வெறும் ஈரம். அடுப்புக்கு முன்னால் இரண்டு டைல் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கின்றன. விரிசலில் தண்ணீர் ஊறுகிறது. கால் வைத்தால் டொக்கு டொக்கு.

நான் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன். 28ஆம் தேதி கவிதாவுக்கு வளைகாப்பு. அன்றைக்கே கடப்பாக்கத்தில் புருஷன் வீட்டிலிருந்து மகளை அழைத்து வரவேண்டும், பிரசவம் வரை இங்கேதான். போன வருடம் நாலாம் மாதத்தில் ஒன்று கலைந்துவிட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு இந்தத் தரையில்தான் அவள் நடக்கவேண்டும்.

அவள் அம்மா இருந்திருந்தால் இந்நேரம் ஒரு முடிவு எடுத்திருப்பாள். செத்துப்போய் நாலு வருடம். எனக்கு எல்லாவற்றுக்கும் குழப்பம்தான்.

வாங்க: வழுக்காத மிதியடி, பல்பு, கொத்தமல்லி.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு. மிதியடி போட்டேன். மிதியடியே வழுக்குகிறது.

மேஸ்திரி முருகன் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் பிடிப்பில்லையாம். பழைய சிவப்பு சிமெண்ட் தரையைக் கொத்தாமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறதாம். எனக்குத் தெரியாதா என்ன? ஒட்டியபோது தம்பி குடும்பமும் இங்கேதான். தம்பி மனைவி மாசமாக இருந்தாள். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் கடப்பாறை விழக்கூடாது என்றார்கள். டைல் வந்து இறங்கியாயிற்று, சரி, உடைக்காமல் ஒட்டு என்றோம். பையன் நன்றாகப் பிறந்து இப்போது ஏழாவது படிக்கிறான். தரைதான் குறைப்பிரசவம்.

(இதை எழுதியிருக்கக் கூடாது.)

ஒட்டுப்போட முடியாது, மொத்தமும் எடுக்கணும் என்றான் முருகன். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டான். கவிதா விஷயத்தைச் சொன்னேன். சுத்தியலைப் பைக்குள் போட்டுவிட்டான்.

“இன்னா சார், இத்த மொதல்லயே சொல்ல வாணாமா? மாசமா கீற பொண்ணு வர்ற வூட்ல நா கை வெக்க மாட்டேன்.”

டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

நவம்பர் 6, வியாழன்

அக்காவுக்கு போன். மதுராந்தகத்திலிருந்தே கத்தினாள். கவிதா புருஷன் வீட்டில் இருக்கும்போதே உடைத்துவிடுகிறேன் என்றேன். எங்கே இருந்தாலும் அந்த உசுரு நம் வீட்டுக்கும் சேர்த்திதானாம். ஒரு தடவை பட்டது போதாதா என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.

உடைத்து, அவளுக்கு ஏதாவது ஆனால்: நான்தான்.
உடைக்காமல், அவள் வழுக்கி விழுந்தால்: அப்போதும் நான்தான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பயம் மட்டும் இருக்கிறது. நம்பிக்கை இருக்கிறவனாவது ஒரு பக்கம் நிம்மதியாக நிற்பான்.

மதியம் கம்பெனி ஸ்டோர்ஸில் லோடு மாற்றி அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினான். சரியாகக் காதில் விழவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில், ஆச்சரியம். கடப்பாக்கம் போய்க் கவிதாவைப் பார்த்தேன். மாதுளை, பேரீச்சை. கால் வீங்கியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். சிரிக்கிறாள்.

சம்பந்தி அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்திருந்தார். காதல் கல்யாணம். ரெண்டு வருடத்தில் நானும் அவரும் பேசியதெல்லாம் “சாப்டீங்களா?” “ஆச்சு.” இன்றைக்கும் அதுதான். வஞ்சிரம் வறுத்து வைத்தார். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

கிளம்பும்போது கவிதா சொன்னது: “அங்க வந்தா நானே ரசம் வெச்சிக்கறேன்ப்பா. உன் ரசத்த மனுசன் குடிப்பானா?”

சமையல்கட்டே கதி என்று இருக்கப்போகிறாள். பஸ்ஸில் வழி முழுக்க அந்த ரெண்டு டைல்தான் கண் முன்னால்.

நவம்பர் 9, ஞாயிறு

முருகனே கூப்பிட்டான். வீட்டில் பெண்டாட்டியிடம் விசாரித்தானாம். வளையல் போடுகிற வரைக்கும் வயிற்றுப் பிள்ளை புருஷன் வீட்டுக் கணக்கு, அதற்கப்புறம்தான் தாய் வீட்டுக் கணக்கு என்றாளாம். அதனால் இப்போது உடைக்கலாம். இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் எல்லை பிரித்தாகிவிட்டது.

நாளைக்கே வா என்றேன். அக்காவிடம் சொல்லப்போவதில்லை.

பாத்திரம், அடுப்பு, மளிகை எல்லாம் கூடத்துக்கு மாற்றினேன். முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் நாலு நாளில் இன்றைக்குத்தான் இந்த வீட்டில் சோறு இறங்கியது.

நவம்பர் 10, திங்கள்

லீவு. தூறல். முருகன் ஒன்பது மணிக்கு வந்தான். மூலையில் கற்பூரம் ஏற்றிவிட்டு சம்மட்டியை எடுத்தான். டைல் அப்பளம் மாதிரி வந்தது. அடியில் பழைய சிவப்புத் தரை, ஈரமாக. அதையும் கொத்தச் சொன்னேன். பாதி ஆகியிருக்கும், மாப்பிள்ளை போன்.

கவிதாவுக்கு விடியற்காலையிலிருந்து உதிரப்போக்கு. செங்கல்பட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

என் முகத்தைப் பார்த்தே முருகனுக்குப் புரிந்துவிட்டது. பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டான். நான் எந்தச் சட்டையில் போனேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் கையெல்லாம் சிமெண்ட் தூசி. குழாயில் கழுவு கழுவு என்று கழுவினேன்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் கீழே இருக்கிறதாம். அதனால்தான் ரத்தமாம். குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது, ஆனால் ரெண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

ரத்தம் பட்டது விடியற்காலை. சம்மட்டி விழுந்தது ஒன்பதுக்கு மேல். அப்படியென்றால் அதனால் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தாள். தாங்க முடியாமல் அவளிடமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். “ஒடைக்கிறதுன்னு மனசுல எப்போடா முடிவு பண்ண?”

ஞாயிறு.

நவம்பர் 11, செவ்வாய்

வெயிலா மழையா தெரியாது. வார்டுக்கு வெளியே.

காலையில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். கவிதா உதடெல்லாம் வெளுத்துக் கிடக்கிறாள். அசையக் கூடாது.

“அடுப்பாண்ட டைலு தூக்கிகினு இருந்துதே, இப்ப எப்படிப்பா கீது?”

“அப்படியேதாம்மா கீது.”

வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றேன். அழுகை வந்தது. அழுதேன். யார் பார்த்தால் என்ன?

சம்பந்தி அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ரெண்டு நாளாக அதே புடவை. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். பொண்ணால குந்த முடியலன்னு போன மாசம் பாத்ரூமு தரைய ஒடச்சு வெஸ்டர்ன் வெச்சோம். ஊரே வாணாம்னுச்சு. நாந்தான் கேக்கல. உங்களுக்குத் தெரிய வாணாம்னு பொண்ணு வாயையும் அடைச்சேன்.” மூக்கைச் சிந்தினார். “அதாலயா அண்ணே இப்டி ஆச்சு?”

நான் யாரிடமாவது கேட்கவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த கேள்வி. என்னிடம் கேட்கிறார்.

“அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சம்பந்தி. நஞ்சு கீழ இருந்தா ரத்தம் படும். டாக்டரே சொல்லிட்டாரு.” எனக்கே கேட்கிற மாதிரி அழுத்திச் சொன்னேன். பிறகு என் சமையலறையைப் பற்றியும் சொன்னேன். முருகன் பாதியில் விட்டுப்போனது வரைக்கும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“பாதில கீதா? போய் முடிங்க அண்ணே. நாளைக்குக் கொழந்த எங்க தவழும்?”

முருகனுக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை. வேறு ஆள் பார்க்கவேண்டும். பெரிய டாக்டர் சாயங்காலம்தான் வருவாராம்.