வட்டிலப்பம் சாப்பிட்ட நீதவான்

கண்டி–குருநாகல் றோட்டு,
20 ஏப்ரல் 1934

கண்மணி மகன் மக்கீனுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சி றமீலாவும் சுகம், ரங்கூனில் உன் உடம்புக்கும் ஒரு குறை வராமல் அவன் காக்க வேணும். மகன், நம்ம கடை தப்பிவிட்டது! இதை முதலில் எழுதாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

போன கடிதத்தில் சொல்லவில்லை, சொன்னால் நீ சோறு தின்னமாட்டாய் என்று வாப்பா தடுத்துவிட்டார். ஊர்ச் சபை ஒரு சட்டம் போட்டது, காலை ஆறு மணிக்கு முன்னுக்கு ஒரு தேத்தண்ணிக் கடையும் திறக்கக் கூடாதாம், சத்தத்தில் ஊர் நித்திரை கெடுகிறதாம். விடியமுன் வருகிற மாட்டுக் கரத்தைக்காரர்களை நம்பித்தானே நம்ம கடை, அவர்கள் போன பிறகு திறந்து ஈயா ஓட்டுவது? வாப்பா வழக்கம்போலத் திறந்தார், இன்ஸ்பெக்டர் வழக்குப் போட்டார். தோற்றால் கடையை மூடிவிட்டு நாவலப்பிட்டியில் மாமாவிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். விசாரிக்கிறவர் யார் தெரியுமா, கடைக்கு எதிர்வீட்டு நீதவான் அம்பிகைபாகன் ஐயா! நம்ம சத்தத்தில் தனக்கு நித்திரையே இல்லையென்று வாப்பாவோடு வாசலில் நின்று சண்டை பிடித்த யாழ்ப்பாணத்து மனிதர். முடிந்தது கதை என்றிருந்தோம். அதோடு நானும் ஒரு மடவேலை செய்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எல்லா வீட்டுக்கும் அனுப்புகிற மாதிரி அவர் வீட்டுக்கும் முட்டை அடித்து அவித்த வட்டிலப்பம் ஒரு கோப்பை போய்விட்டது. வழக்கு ஞாபகமே இல்லை மகன். அடியே, லஞ்சம் எண்டு ரெண்டு பேரையும் உள்ளுக்குப் போடுவானுகள் என்று வாப்பா தலையில் அடித்துக்கொண்டார். லஞ்சமென்றால் இன்னும் ரெண்டு முட்டை கூடப் போட்டிருப்பேனே என்றேன்.

நேற்றுக் கோட்டில் நீதவான் வந்து உட்கார்ந்ததும் தானே சொல்லிவிட்டாராம். இந்தக் கடைச் சத்தத்தால் நித்திரை கெட்டவன் நான், கடைக்காரர் வீட்டு வட்டிலப்பத்தையும் சாப்பிட்டவன், நான் விசாரிக்கக் கூடாதென்றால் இரண்டு பகுதியும் இப்போதே சொல்லலாம், வேறு நீதவானிடம் அனுப்புகிறேன் என்று. எல்லாரும் சிரித்தார்களாம். சபைக்காக வாதாட வந்த புறக்டருக்கு மறுப்பில்லை, அவர் ஐயாவின் நித்திரையை நம்பினார். நாங்கள் வட்டிலப்பத்தை நம்பினோம்! ஐயா இரண்டையும் பார்க்கவில்லை. கடை எத்தனை மணிக்குத் திறப்பது நல்லது என்று சொல்வது என் வேலையில்லை, மேல்சட்டம் சபைக்குக் கொடுத்தது துப்புரவு பார்க்கிற அதிகாரம் மட்டும், நேரம் குறிக்கிற அதிகாரம் இல்லை, ஆகவே இது செல்லாது என்று வாப்பாவை விட்டுவிட்டார். வெளியே வந்தபோது மட்டும், கோப்பையளை மெல்ல வையுங்கோ, அது போதும் என்றாராம்.

கரத்தைக்காரர்கள் வாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நம்ம நீதவான், நம்ம நீதவான் என்று ஒரே கூச்சல். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஓடியது. கடை வாசலில் கூடைக்காரர்கள் குந்தக் கூடாது என்று வாப்பா முன்னின்று பெட்டிசன் எழுதிச் சபையிடம் வாங்கினாரே ஒரு சட்டம், அதிலே துப்புரவு எங்கே இருக்கிறது? இடியப்பம் விற்கிற ஹபீலா ராத்தாவை அதைச் சொல்லித்தானே துரத்தினார். இதைக் கேட்டேன், அது வேற இது வேற, அஞ்சாம் வகுப்போட பள்ளிய உட்டுப் பதினாலுல கலியாணம் முடிச்சவளுக்குச் சட்டம் என்ன விளங்கும் என்றார். ராத்தா கோட்டுக்குப் போனால் அதே வாயால் அதே தீர்ப்புத்தான் வரும், அப்போது நம்ம நீதவான் யாருடைய நீதவான் என்றேன். அந்தச் சட்டமும் செல்லாது என்று ராத்தாவிடம் யார் சொன்னது என்று கேட்காதே, நான்தான்.

இன்று விடிய வாப்பா கதவைத் திறக்கிறார், படியில் கூடையை இறக்கிவைத்துக்கொண்டு ராத்தா! வாப்பா வாயைத் திறந்தார், எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய் அவளுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

வேளைக்குத் தொழு, வேளைக்குத் தின்னு, றமீலா கேட்ட உன் படத்தை அனுப்ப மறக்காதே. ஹலாலான உழைப்பும் நீண்ட ஆயுளும் உனக்குத் தர ரப்பிடம் இரு கை ஏந்தும்,

உன் உம்மா
றம்லத்