இன்னொரு அய்யாக்கண்ணு

பூலாம்பாடி,
6.8.2006

அன்புள்ள ஜெயலட்சுமி அம்மாவுக்கு,

வணக்கம். என் பெயர் அய்யாக்கண்ணு. வயது அறுபத்தேழு. உங்கள் கம்பெனி செய்த கணினிப் பாடத்தை முதியோர் கல்வி மையத்தில் பார்த்து எழுத்துக் கற்றேன். ஏழு மாதம் ஆயிற்று. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள்.

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லா பஸ் பலகையையும் படித்தேன். கண்டக்டர் ஒருவர், "பெரியவரே, எந்த ஊருக்குப் போவணும்?" என்றார். "எந்த ஊருக்கும் இல்ல, படிச்சிக்கிட்டிருக்கேன்" என்றேன். சிரித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பாடம் முடிந்ததும் திரையில் ஒரு பெயர் வரும். யார் துணையும் இல்லாமல் நான் படித்த முதல் பெயர் அது. 'பாடம் எழுதியவர்: அருள்முருகன்.' போன வருஷம் போகிக்கு முதல் நாள் தொழுதூர் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்ட என் மகன். உங்களோடு வேலை பார்த்தவன்.

பாடம் பத்தொன்பதோடு நிற்கிறது. இருபது எப்போது வரும்?

இப்படிக்கு,
அய்யாக்கண்ணு

*

சென்னை,
14.8.2006

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை எங்கள் குழுவில் எல்லோரும் கைமாற்றிப் படித்தோம்.

எங்கள் வேலை முழுவதும் இணையத்தில் ஒரு தளத்தில் நடக்கிறது. எந்தப் பாடத்தை யார் எழுதுவது, யார் படம் வரைவது, எந்தத் தேதிக்குள் என்று அதில் வரிவரியாக இருக்கும். படிக்கத் தெரியாத ஒருவர் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் பாடம் முடிந்ததாகும். அந்த இடத்தில் அருள்முருகன் உங்களைச் சேர்த்திருந்தார். பாடத்தை அச்செடுத்து உங்களுக்கு அனுப்பி, போனில் கேட்டு, உங்கள் பெயரில் பதிவார். உங்கள் கருத்துகளுக்கு இங்கே ரசிகர்கள் உண்டு ஐயா.

இருபதாம் பாடம் பாதியில் நிற்கிறது. அதைக் கையில் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் திங்கள்தோறும் காலையில் அந்தத் தளம் எங்களுக்குத் தானாகவே மின்னஞ்சல் அனுப்புகிறது: 'அய்யாக்கண்ணு அவர்களின் கருத்துக்காக அருள்முருகன் காத்திருக்கிறார்.' நிறுத்தத் தெரியும். நிறுத்தவில்லை.

செப்டம்பர் முப்பதோடு அந்தத் தளத்தை மூடுகிறோம். அதற்குள், கருத்துச் சொன்னவரின் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள் வேலை கொடுத்தவர்கள். இல்லையென்றால் பாடங்களை மையங்களிலிருந்து எடுத்துவிடுவார்களாம். உங்கள் கருத்துகள் அடங்கிய பத்தொன்பது தாள்களை இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஜெயலட்சுமி

*

பூலாம்பாடி,
27.8.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

தாள்கள் வந்தன. எட்டு நாள் படித்தேன். என் மனைவி பொன்னுத்தாய்க்கும் வாசித்துக் காட்டினேன்.

அம்மா, இதில் ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அவன் உங்களிடம் சேர்ந்தபோது, "பொட்டி தட்டப் போறவனுக்கு இந்த வூட்டுல என்ன சோலி? இனிமே வாசப்படி மிதிக்காத" என்றேன். இரண்டு வருஷம் பேசவில்லை. அவன் அம்மாவிடம் போனில் பேசினால் நான் காட்டுக்குப் போய்விடுவேன்.

ஐந்தாவது தாளில் இப்படி இருக்கிறது.

அருள்முருகன்: சோளப் படம் எப்படிப்பா இருக்கு?
அய்யாக்கண்ணு: கம்பங்கதிரப் போட்டு சோளம்னு எழுதியிருக்க. மெட்ராஸ்ல என்னத்தடா திங்கிற?

சத்தமாகச் சிரித்துவிட்டேன். கேட்டிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டேன். பருத்திக் காட்டில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற இரண்டு வருஷமும் இன்னொரு அய்யாக்கண்ணு அங்கே அவனோடு பேசிக்கொண்டு இருந்திருக்கிறான். அவனும் திட்டுகிறான். ஆனால் திட்டி முடித்ததும், "சாப்ட்டியா?" என்று கேட்கிறான்.

எழுத்துக் கூட்டிச் சத்தமாகத்தான் எனக்குப் படிக்க வரும். "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்று பொன்னுத்தாய் எட்டிப் பார்க்கிறாள். யாரிடம் என்று சொல்வது?

பத்தொன்பதாவது தாளின் கடைசியில், 12.1.2005 என்று தேதி போட்டு:

அய்யாக்கண்ணு: போதும்டா. பொங்கலுக்கு வூட்டுக்கு வந்து சேரு.
அருள்முருகன்: வரேன்பா.

அன்றைக்குத்தான் ஊருக்கு வர வண்டியை எடுத்திருக்கிறான். நான் கூப்பிடவில்லை அம்மா. எதில் கையெழுத்துப் போடுவேன்?

அய்யாக்கண்ணு

*

சென்னை,
4.9.2006

மதிப்பிற்குரிய ஐயா,

அருள்முருகன் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போவார். சிரித்தபடி திரும்பி வந்து, "எங்கப்பா இன்னிக்குச் செம திட்டு" என்று சொல்லிவிட்டுப் பதிவார். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நடந்ததை மேலிடத்தில் சொல்லிக் கேட்டேன். நீங்கள் இப்போது புதிதாகப் பார்த்துச் சொல்லும் கருத்தையும் ஏற்பார்கள்; பாடங்கள் பிழைக்கும். அருள்முருகன் எழுதியவற்றில் நீங்கள் கையெழுத்திடாதவை தளத்தோடு அழிந்துவிடும். கையெழுத்திட்டவை உங்கள் வாக்காகக் கோப்பில் நிற்கும். எது நிற்க வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜெயலட்சுமி

*

பூலாம்பாடி,
19.9.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

மையத்தில் உட்கார்ந்து பத்தொன்பது பாடத்தையும் முதலிலிருந்து பார்த்தேன். பதினெட்டுத் தாளில் அவன் எழுதியதை அடித்துவிட்டு, இன்றைய தேதி போட்டு என் கருத்தை எழுதியிருக்கிறேன். மூன்றாம் பாடத்தில் குரல் கொடுக்கிற அம்மா பேச்சில் ஓடுகிறார். சுமையோடு நடப்பவர் போல மெதுவாகப் போகச் சொல்லுங்கள். எட்டில் ஏர் பூட்டிய மாடு நன்றாக இருக்கிறது, நுகத்தடிதான் தப்பு. பன்னிரண்டாம் பாடத்தில் குறையே இல்லை. அதை நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அடிப்பதற்கு முன் அவன் எழுதியதையெல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். தாமதம் அதனால்தான்.

பத்தொன்பதாவது தாளில் நான் எதையும் அடிக்கவில்லை, சேர்க்கவும் இல்லை. 'பொங்கலுக்கு வூட்டுக்கு வந்து சேரு' என்ற வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பொன்னுத்தாய் தடுத்துப் பார்த்தாள். "நீங்க கூப்பிட்டதா ஆயிட்டா, உங்க பேச்சக் கேட்டு வந்துதான் புள்ள போனான்னு ஆயிடும்ங்க. செய்யாத பழிய ஏன் தலையில போட்டுக்கிறீங்க?" என்று அழுதாள்.

ஆகட்டும் என்றேன். கூப்பிடாத வீட்டுக்குக் கிளம்பியவனாக என் மகன் இருக்க வேண்டாம். கூப்பிட்டது நான்தான். அப்படியே கோப்பில் நிற்கட்டும்.

அருள்முருகனின் அப்பா,
அய்யாக்கண்ணு