தேன் பிரசங்கமும் நயினாரும்

14-8-68, புதன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேவாலயத்தில் தேனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஒப்புக்கொண்டவன், பக்கத்து வீட்டு ஜரிகை வியாபாரி நயினாரையும் கேட்க வரச் சொன்னேன். அதோடு விட்டேனா? இன்று காலை ஒரு பாட்டில் மலைத்தேனையும் அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். இருபது வருஷப் பழக்கம். சமணர்கள் தேனைத் தொடமாட்டார்கள் என்பது மட்டும் இந்த மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் பாட்டிலோடு அவரே வந்தார்.

"இன்னாபா வாத்தியாரே, வீட்டம்மா இத்த வாசப்படியிலயே வச்சிட்டு நிக்கிது. ஒரு சொட்டுக்கு எத்தினி உசிரு போவுது, தெரியுமா?"

அசடு வழிந்தது. சமாளிக்க, பாலும் தேனும் ஓடும் தேசம், தேனைவிடத் தித்திக்கும் வேதம் என்று அளந்தேன்.

"அம்மாம் ஒசத்தியா? அப்ப உங்க சாமிக்கும் படைப்பீங்க?"

"பின்னே?" என்றேன், கூசாமல்.

அவர் போனதும் வேதத்தைப் புரட்டினேன். பலியோடு தேனை எரிக்கவே கூடாது என்று மோசேயின் சட்டத்தில் பளிச்சென்று இருக்கிறது. போதகரோ, "தித்திப்பாவே முடிச்சிடணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சபையார் நாக்கில் ஆளுக்கொரு சொட்டு வைக்கத் தேனும் வாங்கியாகிவிட்டது.

மனசு கேட்கவில்லை. மதில் பக்கம் போய்க் கூப்பிட்டேன்.

"நயினாரே, எங்க சாமிக்கும் தேன் படைக்கிறதில்ல. பொய் சொல்லிட்டேன்."

ஒரே சிரிப்பு. "அப்ப கட்டாயம் வரேன்பா! மொத வரிசையில குந்திக்கினு கேக்கறேன். இத்தயும் சொல்லிடு, இன்னா?"

சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். போதகருக்கு இன்னும் தெரியாது.