முப்பது கண்ணி

இன்று உன் மனைவி வள்ளி புதுப் பட்டாவோடு சர்வே அலுவலக வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் கேட்ட முதல் கேள்வி இது: "முப்பதுன்னாங்க, இருவதாக்கினாங்க. இப்ப ஆறுனு போட்டிருக்குதாம். இன்னும் எவ்ளோண்ணே கம்மி பண்ணுவாங்க?"

"அது மீட்டர்மா" என்றேன். ஆறு மீட்டர் நாலு சென்டிமீட்டர். அதை அடியாக்கினேன், அடியைக் கண்ணியாக்கினேன். சரியாக முப்பது கண்ணி. நீ செத்து ஏழு வருடமாகிறது. அளவு முறையே மாறிவிட்டது. உன்னிடம் பறித்தது மட்டும் மாறாமல் புதுக் காகிதத்தில் ஏறியிருக்கிறது.

நாம் இரண்டு பேரும் சர்வேயரிடம் தினக்கூலிக்கு நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தவர்கள். ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி, அறுபத்தாறு அடி. நான் தாளில் பெருக்கி முடிப்பதற்குள் நீ விடையைச் சொல்லிவிடுவாய். "கண்ணில மூணுக்கு ரெண்டு பங்குதான் மச்சான் அடி. இதுக்கு எதுக்குடா பென்சிலு?"

வேங்கிக்கால் பக்கம் உங்கள் காலனிக்கு மனை அளந்த அன்று, உத்தரவில் அகலம் முப்பது அடி என்றுதான் இருந்தது. சர்வேயர் முப்பது கண்ணிக்கு ஒரு கல் நடச் சொன்னார். பக்கத்து வயல்காரர் வீட்டில் அவருக்குச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. மூன்றாவது மனை உன்னுடையது.

"சார், காயிதத்துல அடி போட்டிருக்குது. நீங்க கண்ணில அளக்குறீங்க. மனைக்குப் பத்தடி போயிடுது சார்."

"சங்கிலி புடிக்க வந்தியா, எனக்குப் பாடம் நடத்த வந்தியா? குடிசைக்கு எதுக்குடா முப்பதடி? தேரா நிறுத்தப் போற?"

வயல்காரரின் ஆட்கள் சிரித்தார்கள். "என் வூட்ட நானே சுருக்க மாட்டேன் சார்" என்று சங்கிலியைக் கீழே போட்டாய். பிறகு என்னைப் பார்த்தாய். மறுமுனை என் கையில் இருந்தது.

நான் விடவில்லை. உன் முனையை வயல்காரரின் ஆள் ஒருவன் எடுத்துக்கொண்டான். மாலைக்குள் கல் நட்டு முடித்தோம். வரிசைக் கடைசியில் மிஞ்சிய இடம் முழுவதையும் மறுவாரமே வயல்காரர் உழுதார். உன்னை மறுபடி யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் என் வேலை நிரந்தரமானது.

பிறகொரு பங்குனி வெயிலில் காலனியில் ஓர் அடுப்பிலிருந்து கூரையில் தீப் பிடித்தது. கூரைக்கும் கூரைக்கும் நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். தீக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. படுக்கையில் கிடந்த உன் அப்பாவைத் தூக்கி வர உள்ளே போனாய். இரண்டு பேரும் வரவில்லை. பார்வையிட வந்த அதிகாரி மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு சொன்னார்: "இப்படி நெருக்கி நெருக்கிக் கட்டினா எரியாம என்ன பண்ணும்?"

வள்ளி பட்டாவை மடித்துக்கொண்டே கேட்டாள்: "மனை அளந்த அன்னிக்கு நான் நாத்து நடப் போயிட்டேன். அவரு சங்கிலியப் போட்டுட்டாரு, சரி. இன்னொரு பக்கம் புடிச்சவன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவேயில்ல. யாருண்ணே அது? அவன் வந்து சொன்னா அளவு தப்புனு ஒத்துக்குவாங்க இல்ல?"

"விசாரிக்கிறேன்மா. மனு எழுதி வெக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கோ" என்றேன். அவள் நம்பிப் போனாள்.

எழுதிவிட்டேன். முப்பது அடி என்றால் ஒன்பது மீட்டர் பதினாலு சென்டிமீட்டர். கணக்கில் பிழை இல்லை, நீயே பார்த்தாலும் குறை சொல்ல மாட்டாய். மனு என் சட்டைப் பையில் இருக்கிறது. சாட்சியின் பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.