மூன்றாம் தரம் கூப்பிடும்வரை

மார்கழி (டிசம்பர்) 3, 2023 – ஞாயிறு

பூங்கா வாசலில் இன்று நல்ல சனம். சாட்டிக் கடலில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு நேரே கண்டல் காடு பார்க்க வந்துவிடுகிறார்கள். "படகிலை போனா முதலை காட்டுவீங்களோ?" என்று ஒருவர். முதலை வேண்டுமென்றால் எங்கள் பெரிய அலுவலரைத்தான் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டு ரிக்கற் கிழித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் வேலியோரம் அயல்வீட்டு றொபேட், நண்டுக் கூடுகளோடு. தேசியப் பூங்கா என்று பலகை நட்ட நாளிலிருந்து உள்ளே நண்டு பிடிக்கத் தடை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"அக்கா, நீங்கள் என்னைக் காணேல்லை, சரியோ?"

"நான் ஒருத்தரையும் காணேல்லை."

சிரித்துக்கொண்டு போனான்.

மார்கழி 5

வாடைக் காற்று. கண்டலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. படகுச் சவாரி நிறுத்தம்.

மார்கழி 8

எழுதாவிட்டால் இன்று நித்திரை வராது.

விளக்கு வைக்கிற நேரம், கண்டலுக்குள்ளிருந்து "அக்கா" என்று ஒரு குரல். குருபரன். என் தம்பி. தொண்ணூறாம் ஆண்டு ஆமிக்குப் பயந்து அந்தக் காட்டுக்குள் ஓடினவன். உடம்பும் கிடைக்கவில்லை, செய்தியும் வரவில்லை.

பொழுதுபட்ட பிறகு யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரம் கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது. செத்தவர்கள் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட மாட்டார்கள். எங்கள் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

இரண்டாம் தரமும் கேட்டது, காற்றில் இழுபட்டு. வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒருக்கால் கூப்பிடு தம்பி. நீ உயிரோடை இருந்தால் கூப்பிடு, ஓடி வாறன் –

கூப்பிடவில்லை. முப்பத்து மூன்று வருடம் எதிர்பார்த்திருந்துவிட்டு, இன்றைக்குத்தான் அவன் செத்துப்போனான் என்று நம்பினேன். அழுதேன்.

மார்கழி 9

றொபேட் செத்துப்போனான்.

கண்டல் வேருக்குள் கால் சிக்கி, இடுப்பளவு சேற்றில். ஏறின தண்ணீர் மூடிவிட்டது. அலுவலர்கள் கண்டுவிடுவார்கள் என்று ரோச் லைற்கூடக் கொண்டுபோகவில்லையாம். என் படலையிலிருந்து கூப்பிடு தூரம்.

அவனும் என்னை அக்கா என்றுதானே கூப்பிடுகிறவன். நேற்று அது என் மூளையிலை ஏன் ஓடேல்லை? ஏன் ஓடேல்லை?

மார்கழி 10

சாப்பிட ஏலாமல் கிடக்கு.

மார்கழி 11

இன்று றொபேட்டின் அடக்கம். சேமக்காலையில் அவன் மனைவி யூலியானா என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்குக் குரல் கேட்டதைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, அவள் முதுகைத் தடவினேன். சுற்றி நின்றவர்கள் பூங்காக்காரரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து தலையாட்டினேன். சீ, என்ன மனுசி நான்.

மார்கழி 19

இன்று யூலியானாவிடம் போனேன். குசினியில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எனக்குக் கேட்டதடி. ரெண்டு தரம். தம்பியெண்டு நினைச்சன். மூண்டாந்தரம் கூப்பிடட்டும் எண்டு நிண்டனான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் உலக்கையைச் சுவரில் சாத்தினாள்.

"எனக்கும் கேட்டது அக்கா. 'யூலி' எண்டு. ஒரே ஒருக்கால்."

நான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இனிக் காட்டுக்குள்ளை போறேல்லை எண்டு எனக்குச் சத்தியம் பண்ணினவர். அண்டைக்கு ரவுணுக்குப் போறன் எண்டுதான் சொல்லிப்போட்டுப் போனவர். அப்ப, அவரின்ரை குரலிலை வேறை என்னவோ கூப்பிடுது எண்டு யன்னலைச் சாத்திப்போட்டன். செபமாலை சொன்னனான் அக்கா. சத்தமாச் சொன்னனான்."

சம்பலை அவள் முடிக்கவேயில்லை.

மார்கழி 24

இன்றும் யூலியானா வந்தாள். நாளை நத்தார்ப் பெருநாளுக்கு வீட்டில் ஒன்றும் செய்யவில்லையாம்.

மார்கழி 31

ஒவ்வொரு நாளும் பொழுதுபடுகிற நேரம் வந்துவிடுகிறாள். படலைக்கு வெளியே நிற்போம். இனி யார் குரலென்றாலும் முதல் தரத்துக்கே போவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

இன்று காற்று இல்லை. நன்றாகக் காது கொடுத்தேன், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

யூலியானா கண்டல் பக்கம் திரும்பி, "ஓம், வாறன்" என்றாள்.

அவள் கையை எட்டிப் பிடித்தேன். இருட்டும்வரை விடவில்லை.