போனோஸ் என்ற சொல்லும் நீயும்

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறோம். காலையில் அலமாரியை ஒழித்தபோது பச்சை அட்டை போட்ட உன் ஆய்வேடு கையில் வந்தது. பிரித்ததும் பழைய பைண்டிங் பசையின் வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கிரேக்க முதுகலை வகுப்பில் நாம் ஐந்தே பேர். தமிழ் பேச நாம் இருவர். பண்டைய கிரேக்கம் முதல் இன்றைய கிரேக்கம் வரை எல்லாமே படிக்க வேண்டும். டெல்லியிலேயே பிறந்த என் தமிழைக் கேட்டு நீ சிரிப்பாய். "கிரேக்கத்தப் பிழையில்லாம எழுதுத, தமிழ்ல ஒரு லெட்டரு எழுத வரல," என்பாய். மெட்ரோவில் எனக்குத் தமிழ்ச் செய்தித்தாள் வாசிக்கக் கொடுப்பாய்.

பண்டைய பெண்களின் கல்லறைக் கல்வெட்டுகள்தான் உன் ஆய்வு. சமர்ப்பிக்கச் சில நாட்களே இருந்தபோது, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தாய். மூன்றாம் இயலில் திடுக்கிட்டு நின்றேன். 'போனோஸ்' என்ற சொல்லுக்கு எங்கும் 'வலி' என்று பொருள் கொண்டிருந்தாய். இன்றைய கிரேக்கத்தில் அது சரி. அந்தக் கல்வெட்டுகளின் காலத்தில் பெரும்பாலும் அது கடும் உழைப்பு. வீட்டுக்காக உழைத்தவள் என்று கல் பாராட்டியதை, வலியில் வாழ்ந்தவள் என்று நீ படித்துவிட்டாய். அந்த இயலே அதன்மேல்தான் நின்றது.

சொன்னால் உனக்கு ஒரு வருடம் போகும். ஏதென்ஸில் மேற்படிப்புக்குக் கிடைத்த இடமும் போகும். காத்திருப்போர் பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது.

லோதி ரோட்டில் உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். நீ அகராதியை எடுத்து வெகுநேரம் பார்த்தாய்.

"அடுத்த பேரு நீதான?"

"ஆமா. அதான் எப்படிச் சொல்றதுன்னு..."

"அதுக்காவ நீ மறைச்சிருந்தேன்னா ஒங்கிட்ட பேசியே இருக்க மாட்டேன்ட்டி."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாய். நானும் அழுதேன்.

ஏதென்ஸுக்கு நான் போனேன். என் பெட்டியில் பருப்புப்பொடி வைத்துக் கட்டியவள் நீதான். சில மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாய்.

"ஏட்டி, போனோஸுக்குத் தமிழ்ல ஒரு வார்த்த கெடச்சிட்டு. பாடு. பாடுபட்டான்னா உழைப்பு, படாத பாடுன்னா வலி. ரெண்டும் ஒண்ணுக்குள்ளயே கெடக்கு, பாத்தியா."

அந்தச் சொல்லிலிருந்து தொடங்கி அந்த இயலைப் புதிதாக எழுதினாய். தேர்வாளர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டினார்கள். நான் திரும்பி வந்த வருடமே புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனது.

உன்னிடம் ஒன்றைச் சொல்லவே இல்லை. அந்தப் பிழையை நான் பார்த்தது உன் வீட்டுக்கு வந்ததற்கு முந்தின நாள் காலையில். ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இடத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறேன் என்று நீ நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். தெரிந்திருந்தால் மன்னித்திருப்பாயா என்று இன்றும் தெரியவில்லை.

அதற்குப் பின் யாருடைய எழுத்தில் பிழை கண்டாலும் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வருகிறது. இருந்தும் கதவைத் தட்டுகிறேன்.