மூன்று அங்குல எழுத்து

ஜூன் 1, 2025, ஞாயிறு

நாமக்கல்லிலிருந்து ஆறரை மணி பஸ். எட்டு மணிக்கு ஷெட்டில் இருந்தேன்.

மூடிப்போன நூல் மில்லுக்குப் பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டர் பழைய மீட்டர்கேஜ் தண்டவாளம். அதன்மேல் மூன்று சரக்கு வேகன், ஒரு கார்டு வண்டி, ஒரு சலூன் பெட்டி, இழுக்க ஒரு கிழட்டு டீசல் இன்ஜின். எங்கள் ரயில்வே இவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் அடித்து எழுத்து எழுதுகிறேன். ஏழாவது நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மாப்பிள்ளைப் பேச்சு வரும். அதனால் இங்கே வருகிறேன். பாரம்பரியம், பெருமை என்று தலைவர் பேசுவது ஒரு காதில் விழும், அவ்வளவே.

தலைவர் என்றால் நாச்சிமுத்து அய்யா. மல்லசமுத்திரத்துக்காரர், போர்வெல் போடுகிற ரிக் வண்டி முதலாளி. அந்தக் காலத்துப் பெரிய துரைமார்கள் போன சலூன் இது என்று இன்று பத்தாவது முறையாகச் சொன்னார்.

"வெளிய சலூன்னு மட்டும் எழுதிறாதீங்க தலைவரே," என்றார் சைபுல்லா அண்ணன். சேலத்தில் மரக்கடை வைத்திருப்பவர்; ஜன்னல் சட்டமெல்லாம் அவர் கைவேலை. "உங்க ஊர்க்காரங்க சேவிங் பண்ண வந்து வரிசையா உக்காந்துக்குவாங்க."

தலைவரே சிரித்துவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

சலூனின் கடைசியில் ஒரு சின்ன அறை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம், தாழ்ந்த கூரை. தனிக் கதவு, சலூனுக்குள் போக வழி கிடையாது. உட்கார ஒரே பலகை. சலூனில் நாலு மின்விசிறி மாட்டிய தடம் இருக்கிறது, இதில் ஒன்றுகூட இல்லை. நடுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வலை அடித்த ஓட்டை. "சாமான் ரூமு. ஜெனரேட்டர இதுல வெச்சுக்கலாம்," என்றார் தலைவர்.

கதவுக்கு மேலே தேய்க்கிற வேலை எனக்கு. சுரண்டினால் எல்லாம் போய்விடும். தண்ணீர் விட்டு, எமரித் தாளால் வட்டமாகத் தேய்த்தால் ஒவ்வொரு பூச்சாகக் கழன்று வரும். காளியாத்தாக்கா கீழே நின்று தண்ணீர் ஊற்றினார். தண்டவாளத்தில் புல் வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் கூலிக்கு வருபவர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் ஐந்து பேருக்கும் முதுகில் 'தன்னார்வலர்' என்று அச்சடித்த சட்டை கொடுத்திருக்கிறார்கள். தினமும் இங்கே வருகிற ஒரே ஆளுக்குச் சட்டை கிடையாது.

நீலம் போனது. கீழே செங்கல் நிறம். அதற்கும் கீழே அடர் பழுப்பு, அதில் மஞ்சளாக ஒரு வளைவு. இன்னும் தேய்த்தேன். மேல் வரி இங்கிலீஷில் 'சர்வெண்ட்ஸ்'. கீழ் வரி தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தது காளியாத்தாக்காதான்:

"வே... லை... க்கா... ரர்." கொஞ்சம் நின்று, "அட, நம்மாளுங்க ரூமு!" என்றார்.

அளந்தேன். எழுத்தின் உயரம் சரியாக மூன்று அங்குலம்.

ஜூன் 9, திங்கள்

பட்டறையில் ஒரு லாரியின் நெற்றியில் முதலாளியின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரின் பெயரை எழுதினேன். அதை ஓட்டப்போகிற டிரைவர் பெயரைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சண்டை. எதிர்பார்த்ததுதான்.

"அந்த எழுத்து வேண்டாம் சாமி," என்றார் தலைவர். "குடும்பத்தோட வாரவங்க படிச்சா மனசு சங்கடப்படும்."

"யாரு மனசுங்கய்யா?"

"எல்லாத்து மனசும்தான்."

"மெத்தைல உக்காந்து போட்டோ எடுக்கறவங்க மனசா, பலகைல குறுகி உக்காந்து வந்தவங்க மனசா?"

"பாரு, எதுக்கெடுத்தாலும் மேடைப் பேச்சு. பொட்டிக்குப் பெயிண்ட் அடின்னா நீ ஊருக்கே பெயிண்ட் அடிக்கற."

"ஊருக்கும் ரெண்டு கோட்டு தேவைதானுங்களே தலைவரே," என்றார் சைபுல்லா அண்ணன், மரத்தைச் சீவிக்கொண்டே.

தலைவர் அவரை முறைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். சலூன் பெயரை மட்டும் தங்க நிறத்தில் எழுத வேண்டுமாம். சின்ன அறைக்கு மேலே மறுபடி பழுப்பு அடித்து மூட வேண்டுமாம். ரெண்டையும் எழுதுவேன், இல்லையென்றால் ரெண்டையும் எழுதமாட்டேன் என்றேன்.

"நாமக்கல்லுல ஆர்ட்டிஸ்ட்டுக்கா பஞ்சம்?"

"கூட்டிட்டு வாங்க. என்னளவுக்கு எழுதறாங்களான்னு பாக்கலாம்."

திமிர்தான். ஆனால் உண்மை. அவருக்கும் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் நானும் பழுப்பு அடித்து மூடுகிற ஆள்தான்.

சலூன் சுவரில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. அதிலிருந்து போகிற கம்பி சின்ன அறையில் ஒரு மணியில் முடிந்தது. இரண்டு வாரமாக அதோடு மல்லுக்கட்டினேன். புதுக் கம்பி இழுத்து, லாரி பேட்டரி கொடுத்து, இன்று மதியம் இணைத்துவிட்டேன். எல்லாரும் சலூனில் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். பொத்தானை அழுத்தினேன். கணீரென்று கேட்டது! எல்லாரும் கைதட்டினார்கள். மறுபடி அழுத்தினேன்.

கதவுக்கு வெளியே, கீழே ஜல்லியில், காளியாத்தாக்கா. வெயிலில் ஓடி வந்திருந்தார். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, இன்னொரு கையில் பிசைந்த சோறு அப்படியே.

"கூப்பிட்டீங்களா அம்மிணி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சும்மாக்கா. வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றேன். அவரும் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வெயிலாக இருக்கிறது, அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று அவரிடம் சொன்னது யார்? நான்தான். சலூனில் இடம் இல்லையா? பத்துப் பேர் உட்கார இடம் இருந்தது. பிறகு ஏன்? எழுத்துக்காக ஊரோடு சண்டை போடுகிறவள், ஆளை அதே அறைக்குள் அனுப்பி மணியும் அடித்திருக்கிறேன். சீ.

ஜூன் 30, திங்கள்

எருமப்பட்டியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். காடு தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு. இன்று அதை எடுத்துக் கழுவி மற்ற டம்ளர்களோடு வைத்தேன். அம்மா மறுபடி எடுத்து வெளியே வைத்தாள். நான் மறுபடி உள்ளே வைத்தேன். நாளைக்கும் வைப்பேன்.

ஜூலை 6, ஞாயிறு

"அக்கா, அன்னைக்கு நான் மணி அடிச்சது தப்பு," என்றேன். பேச்சை ஜோடித்துப் பார்த்தேன், வரவில்லை.

காளியாத்தாக்கா அரிவாளைக் கீழே வைத்தார். "நீ அடிச்சதுல எனக்கென்ன கண்ணு? நான் எந்திரிச்சதுதான் எனக்குக் கோவம். சேலத்துல ஒரு டாக்டர் ஊட்டுல பதினோரு வருசம் இருந்தேன். அங்கயும் இப்படித்தான் மணி. அந்த வேலைய உட்டு ஒம்பது வருசமாச்சு. காலு இன்னும் உடல பாரு."

"அந்த எழுத்த நான் எழுதலாமாக்கா?"

மூன்று வாரமாக இதற்காகச் சண்டை போடுகிறேன். அவரைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

அவர் நேராக ஷெட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். தலைவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த ரூமுல எழுத்து வேண்டாம்னீங்களாமா?"

"அது... உங்களுக்கெல்லாம் சங்கடமா இருக்குமேன்னுதான் காளியாத்தா."

"எழுதாம உட்டா சாமான் ரூமுன்னு நெனச்சுக்குவாங்க. மனுசங்க இருந்த எடம்னு ஆருக்குங்க தெரியும்?"

தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி, எழுதிக்க," என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். "சின்னதா எழுது."

ஜூலை 20, ஞாயிறு

எழுதினேன். அதே மஞ்சள், அதே வளைவு, அதே மூன்று அங்குலம். சின்னதாகவும் இல்லை, பெரிதாகவும் இல்லை, இருந்த அளவு. நான் கற்பனையாக ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. சலூன் பெயரைத் தங்க நிறத்தில் எழுதி முடித்தபோது நாலு மணி. தலைவர் தூரத்தில் நின்று பார்த்தார். "தமிழ் எழுத்து நல்லா வந்திருக்குது" என்றார். எந்தத் தமிழ் எழுத்து என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் எனக்கு வரும் போலிருக்கிறது.

ஜெனரேட்டர் கார்டு வண்டிக்குப் போய்விட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. மொத்த ஊரும் மோகனூர் ஆற்றில். ஷெட்டில் நான் மட்டும். வார்னிஷ் இன்னும் ஒட்டுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆடியில் எதையும் தொடங்கமாட்டார் தலைவர். அதனால் ஆவணியில் திறப்பு. பந்தல், மைக், முறுக்கு, இருநூறு பேர்.

சலூனில் யார் யார் உட்காருவது என்று தலைவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். காளியாத்தாக்காவின் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்கப் போனேன். அதற்குள் அவர் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி மெத்தையில் இடம் பிடித்துவிட்டார், டவுன் பஸ்ஸில் பிடிக்கிற மாதிரி. பொத்தானுக்குப் பக்கத்து இருக்கை. பட்டியலில் இருந்த ஒரு பெரிய மனிதர் துண்டைப் பார்த்தார், காளியாத்தாக்காவைப் பார்த்தார், வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நான் சின்ன அறையில் ஏறினேன். எல்லாரையும் ஏற்றி முடித்துக் கடைசியாக வந்த தலைவருக்குச் சலூனில் இடமில்லை. இன்ஜின் ஊதிவிட்டது. என் எதிரே வந்து நின்றார்.

"நவுந்து உக்காரு சாமி."

பலகையில் ஒடுங்கி உட்கார்ந்தோம். முட்டி எதிர்ச் சுவரில் இடித்தது. காற்றே இல்லை. வண்டி நகர்ந்தது. அவருடைய புதுச் சட்டை வியர்வையில் ஊறியது.

"கால நீட்டவே முடியலயே," என்றார். "எத்தன மணி நேரம் இப்படியே வந்திருப்பாங்க?"

"நாள் கணக்குலயும் வந்திருப்பாங்கய்யா."

மணி அடித்தது. கணீர்.

யோசிக்கும் முன்னால் என் கால்கள் எழுந்துவிட்டன. பக்கத்தில் பார்த்தால் தலைவரும் நின்றுகொண்டிருந்தார், தலை கூரையில் தட்ட.

"என்னங்க காளியாத்தா?" என்றார், வலை ஓட்டையில் குனிந்து.

"ஒண்ணுமில்லீங்க," என்று சலூனிலிருந்து குரல் வந்தது. "சும்மா. வேலை செய்யுதான்னு பாத்தேன்."

தலைவர் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மில் சுவர் தாண்டி, புல் வெட்டிய சரிவு தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது.

மணி மறுபடி அடித்தது. இந்த முறை இரண்டு பேருமே எழவில்லை.